வீட்டில் இருக்கும் பழைய ரவி வர்மா படம் அசலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாகம் பிரிக்கும்போதோ பரண் ஒழிக்கும்போதோ ஒரு படம் கிடைக்கும். மூலையில் ஆங்கிலத்தில் 'ரவி வர்மா' என்று இருக்கும். அன்று இரவுக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதன் விலை கோடியைத் தொட்டுவிடும். பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பதால் அந்தப் படங்களில் பல என் போனுக்கும் வந்து சேருகின்றன. எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன்.

எங்கள் தாத்தா காலத்துச் சரஸ்வதி படம். நூறு வருஷமாவது இருக்கும். ரவி வர்மா வரைந்ததா?

நூறு வருஷம் இருக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் அச்சடித்த படமாகத்தான் இருக்கும். கல்லில் வரைந்து, வண்ணத்துக்கு ஒரு கல்லாக அடுத்தடுத்து அச்சடித்த லித்தோ படம். ஒலியோகிராஃப் என்பார்கள்.

ராஜா ரவி வர்மா 1848-இல் திருவிதாங்கூரில் கிளிமானூரில் பிறந்தார்; 1906-இல் காலமானார். 1894-இல் பம்பாயில் சொந்தமாக ஒரு லித்தோ அச்சகம் தொடங்கினார். முதலில் கிர்காம், அப்புறம் காட்கோபர், பிளேக் பரவிய பிறகு 1899 வாக்கில் லோனாவ்லா பக்கத்து மலவ்லி என்று அது இடம் மாறியது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே வேலை பார்த்த ஜெர்மானியரான ஃப்ரிட்ஸ் ஷ்லைசரிடமே அதை விற்றுவிட்டார். அச்சகம் கைமாறினாலும் பெயர் மாறவில்லை. ரவி வர்மா இறந்து பல பத்தாண்டுகள் கழித்தும் 'ரவி வர்மா பிரஸ்' என்ற பெயரில் லட்சுமியும் சரஸ்வதியும் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த அச்சகம் 1972-இல் தீப்பிடித்து எரிந்தது.

அந்தப் பெயரில் வந்தவை எல்லாம் அவர் படங்களும் அல்ல. எம்.வி. துரந்தர் போன்ற பிற ஓவியர்களின் படங்களும் அங்கே அச்சாகியிருக்கின்றன. பெயரைப் பார்த்ததும் 'அவர் கையால் வரைந்தது' என்று முடிவு செய்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, கீழ் ஓரத்தைப் பாருங்கள். பல பிரதிகளில் சட்டம் போட்டவர் ஓரத்தை மடித்திருப்பார், இல்லை வெட்டியிருப்பார். தப்பித்திருந்தால் படத்தின் பெயரும் அச்சகத்தின் பெயரும் ஊரும் சின்ன எழுத்தில் இருக்கும். காட்கோபரா, கார்லா–லோனாவ்லாவா (மலவ்லி அச்சகத்தை அப்படித்தான் குறித்தார்கள்) என்பதை வைத்து எந்தக் காலத்துப் பிரதி என்று ஓரளவு சொல்லலாம்.

பிரிண்டா, வரைந்ததா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். இதற்கு லேப் வேண்டாம், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துக் கல்லைப் பார்ப்பாரே, அதே லென்ஸ்தான். போனில் மேக்ரோ வசதி இருந்தால் அதுவும் சரி.

முதலில் முகத்துக்குப் போகாதீர்கள். மூக்குத்திக்கோ கழுத்து முத்துமாலைக்கோ போங்கள். எண்ணெய் வண்ண ஓவியத்தில் ஒரு முத்தின் பளபளப்பு என்பது கெட்டியான வெள்ளையில் தூரிகை நுனியால் வைத்த ஒரே ஒரு தொடுகை. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் அது மேடாகத் தெரியும், மறுபக்கம் குட்டி நிழல் விழும். தூரிகை எந்தப் பக்கம் விலகியது என்றுகூடச் சில சமயம் தெரியும். பிரிண்டில் அந்த இடத்தில் மேடு எதுவும் இருக்காது. வெளிர் நிறம் இருக்கும், இல்லை வெறும் தாளே இருக்கும்.

அப்புறம் கன்னத்துக்கு வாருங்கள். பழைய லித்தோவாக இருந்தால் மஞ்சள், இளஞ்சிவப்பு, பழுப்பு, சில சமயம் நீலம் என்று பல நிறத்தில் பொடிப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். கல்லில் கையால் வைத்த புள்ளிகள் என்பதால் அவற்றுக்கு ஒழுங்கு இருக்காது. புள்ளிகள் வரிசை பிசகாமல் சின்னச் சின்ன வட்டப் பூக்களாக அணிவகுத்திருந்தால் அது ஆஃப்செட். லித்தோ காலத்துப் படமே இல்லை. புள்ளியே இல்லாமல் மயிர்க் கோடுகளாகத் தூரிகைத் தடம் ஓடினால், சரி, யாரோ கையால் வரைந்திருக்கிறார்கள். அந்த 'யாரோ' யார் என்பதுதான் பின்னால் வரும் கேள்விகள்.

தொட்டுப் பார்த்தால் கேன்வாஸ் போலச் சொரசொரப்பாக இருக்கிறது. அப்படியும் பிரிண்டா?

இருக்கலாம். எண்ணெய் ஓவியம் போலத் தெரியட்டும் என்று அந்தக் காலத்திலேயே பிரிண்டின்மேல் வார்னிஷ் பூசினார்கள், துணிநெசவு போன்ற தடத்தை அழுத்திப் பதித்தார்கள், சிலவற்றைத் துணிமீது ஒட்டவும் செய்தார்கள். தடம் எங்கே எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வானம், புடவை, முகம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடினால் அது இயந்திரம் பதித்தது. வரைந்த ஓவியத்தில் புடவை மடிப்பில் வண்ணம் தடித்தும் வானத்தில் மெலிந்தும் இருக்கும்.

இன்னொரு வகை இருக்கிறது: பிரிண்டின்மேல், இல்லை பழைய போட்டோவின்மேல், எண்ணெய் வண்ணம் பூசியது. குடும்பப் பெரியவர்களின் உருவப்படங்களில் இது சகஜம். வண்ணம் மெலிந்த மூலைகளில் லென்ஸ் வைத்தால் அடியில் இருப்பது தெரிந்துவிடும்.

சமிக்கி, ஜரிகை எல்லாம் ஒட்டியிருக்கிறது.

பிரிண்ட்தான். வாங்கிவந்த படத்துக்கு வீட்டுப் பெண்கள் துணியும் ஜரிகையும் மணியும் வைத்து அலங்காரம் செய்தது. செட்டிநாட்டு வீடுகளில் இவை நிறைய இருந்தன, இப்போதும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம். இதற்கென்றே தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அழுக்கு என்று அலங்காரத்தைப் பிய்த்துவிடாதீர்கள்.

ஆயில் பெயின்டிங்தான், லென்ஸில் பார்த்துவிட்டோம். கையெழுத்தும் இருக்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும்?

கையெழுத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். ஓவியத்திலேயே போலி செய்ய மிக எளிதான பகுதி அதுதான்: இரண்டு சொல், ஒரு மெல்லிய தூரிகை, ஐந்து நிமிடம்.

பார்க்கத்தான் வேண்டும் என்றால் எழுத்தின் வடிவத்தைவிட வெடிப்புகளைக் கவனியுங்கள். பழைய ஓவியத்தில் வண்ணம் காய்ந்து மெல்லிய வெடிப்பு விட்டிருக்கும். வரைந்தபோதே போட்ட கையெழுத்து என்றால் வெடிப்பு எழுத்தையும் சேர்த்துக் கீறிக்கொண்டு போகும். எழுத்தின் வண்ணம் வெடிப்புக்குள் இறங்கி நிரம்பியிருந்தாலோ, வார்னிஷுக்கு மேலே உட்கார்ந்திருந்தாலோ, அது பின்னாளில் சேர்ந்தது. நல்ல பழைய ஓவியம், ஆனால் பெயர் தெரியாத ஓவியர். விற்க வந்தவர் ஒரு பெரிய பெயரைச் சேர்த்துவிட்டார் என்ற கதை உலகம் முழுக்க உண்டு.

கையெழுத்தே இல்லாமலும் பெயர் ஒட்டிக்கொள்ளும். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் கையில் விளக்கேந்திய பெண் படத்தின் முன் எப்போதும் கூட்டம் நிற்கும். அதை ரவி வர்மா படம் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புபவர்கள் ஏராளம். வரைந்தவர் எஸ்.எல். ஹல்தன்கர். அது எண்ணெய் ஓவியம்கூட இல்லை, நீர்வண்ணம். ரவி வர்மா இறந்து கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுக்குப் பிறகு வரைந்தது. அவ்வளவு பேர் பார்க்கும் இடத்திலேயே இப்படி என்றால் நம் வீட்டுக் கூடத்தைப் பற்றி என்ன சொல்ல?

ரவி வர்மா இல்லை என்றால் வேறு யார் வரைந்திருப்பார்கள்?

பட்டியல் நீளம். அவருடைய தம்பி சி. ராஜராஜ வர்மா தேர்ந்த ஓவியர். அண்ணனோடு ஊர் ஊராகப் போய், பல படங்களில் பின்னணியையும் நிலக்காட்சியையும் வரைந்தவர். தன் பெயரிலும் வரைந்தார். தங்கை மங்களாபாயும் வரைந்தார். மகன் ராம வர்மாவும் ஓவியர், மாவேலிக்கரையில் ஓவியப் பள்ளி தொடங்கியவர்.

ரவி வர்மாவுக்கு முந்தியும் ஆள் இருந்தார்கள். திருவிதாங்கூர் அரண்மனை ஓவியராக இருந்தவர் ராமசாமி நாயுடு, மதுரைப் பக்கத்துக்காரர். எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தை இளைஞர் ரவி வர்மாவுக்கு அவர் சொல்லித்தரவில்லை என்றும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் வந்து ரகசியமாகக் கற்றுக்கொடுத்தார் என்றும் சொல்வார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அந்த ஆறுமுகம் பிள்ளைதான். அவர் வரைந்த படம் ஏதாவது எந்த வீட்டிலாவது வேறு பெயரில் தொங்குகிறதோ என்னவோ.

1850-இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியிலும் பம்பாய் ஜே.ஜே. பள்ளியிலும் பயின்றவர்கள் வேறு. அதற்குப் பின் ரவி வர்மா பிரிண்டைப் பார்த்தே கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை வருகிறது. நம் பக்கத்தில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் காலண்டர் தெய்வங்களை வரைந்தது அந்த வழியில்தான்.

பிரிண்டைப் பார்த்து வரைந்த நகல்களில் ஒரு அடையாளம் இருக்கும். அசல் ஓவியத்தைக் கல்லில் ஏற்றும்போது அச்சகத்தார் சில விவரங்களை எளிமையாக்கியிருப்பார்கள். நகல் எடுத்தவர் அசலைப் பார்த்ததே இல்லை என்பதால் அந்த எளிமையை அப்படியே வரைந்திருப்பார். படத்தின் அளவுகூட பிரிண்டின் அளவாகவே இருக்கும். சந்தேகம் வந்தால் உங்கள் படம், பிரிண்ட், அருங்காட்சியக அசல் மூன்றின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல்கள், நகை, செடியிலைகள் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். உங்கள் படம் எதன் பக்கம் சாய்கிறது என்று பத்து நிமிடத்தில் புரியும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ரவி வர்மா ஒரே காட்சியைத் தானே ஒருமுறைக்கு மேல் வரைந்திருக்கிறார். 'இதன் அசல் அருங்காட்சியகத்தில் இருக்கிறதே, ஆகவே உங்களுடையது போலி' என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் அதையும் நம்ப வேண்டாம்.

பின்பக்கத்தில் என்ன பார்ப்பது?

நான் முதலில் பார்ப்பதே பின்பக்கம்தான். முன்பக்கத்தை எல்லோரும் அழகாக வைத்துக்கொள்கிறார்கள். பின்பக்கத்தைத் திருத்த வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை.

அந்தக் காலத்தில் எண்ணெய் வண்ணமும் தயார் கேன்வாஸும் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. வின்சர் அண்ட் நியூட்டன் போன்ற லண்டன் கடைகளின் முத்திரை துணியின் பின்னாலோ உள்சட்டத்திலோ இருக்கலாம். முகவரியோடு இருந்தால் இன்னும் நல்லது, முத்திரைகள் காலத்துக்குக் காலம் மாறியதால் ஆண்டைக் கிட்டத்தட்ட நெருங்கலாம். துணியைச் சின்ன இரும்பு ஆணிகளால் அடித்திருக்கிறார்களா, ஸ்டேப்ளர் பின்னா? ஆணியைச் சுற்றித் துரு துணியில் இறங்கியிருக்கிறதா? மரத்தின் நிறமும் துணியின் நிறமும் ஒரே வயதைச் சொல்கின்றனவா? பழைய சட்டத்தில் புதுத் துணியைக் கட்டியிருந்தால் பழைய ஆணித் துளைகள் இடம் மாறித் தெரியும். சட்டக் கடைச் சீட்டு, கண்காட்சி எண், சாக்பீஸில் எழுதிய ஏதோ ஒரு இலக்கம் எதையும் துடைக்காதீர்கள்.

துணிக்குப் பின்னால் இன்னொரு துணி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். நலிந்த கேன்வாஸைத் தாங்கவைக்கச் செய்யும் பழைய வைத்தியம் அது. ஆனால் முத்திரை உள்ளே மறைந்துபோயிருக்கும்.

லேப்பில் கொடுத்தால் அடித்துச் சொல்லிவிடுவார்களா?

'இல்லை' என்பதை அடித்துச் சொல்வார்கள். 'ஆம்' என்று சொல்ல லேப்பால் ஆகாது. விஞ்ஞானம் பொருளின் வயதைச் சொல்லும், பிடித்த கையின் பெயரைச் சொல்லாது.

உதாரணம் டைட்டானியம் வெள்ளை. இந்த வெள்ளை 1910-களின் பிற்பகுதியில்தான் வணிக ரீதியாகத் தயாரானது. ஓவியர் கைக்கு வந்தது 1920-களில். ரவி வர்மாவிடம் இருந்தவை ஈய வெள்ளையும் துத்தநாக வெள்ளையும். எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி வண்ணத்தில் உள்ள தனிமங்களைத் துணியைத் தொடாமலே காட்டும். அடிப்படை வண்ணத்திலேயே டைட்டானியம் வெள்ளை இருந்தால் விஷயம் முடிந்தது. போலி ஓவியங்கள் செய்துவந்த ஜெர்மனியின் வோல்ஃப்காங் பெல்ட்ராக்கி இப்படித்தான் மாட்டினார். காம்பென்டோங்க் என்ற ஓவியர் 1914-இல் வரைந்ததாகச் சொல்லி அவர் செய்த படம் 2006-இல் 28 லட்சம் யூரோவுக்கும் மேல் விலைபோனது. பரிசோதனையில் அதில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. 2011-இல் அவருக்கு ஆறு ஆண்டு சிறை.

ஆனால் எந்த இடத்தில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். 1960-இல் யாரோ உரிந்த இடத்துக்கு வண்ணம் தொட்டிருந்தால் அங்கே டைட்டானியம் இருக்கத்தான் செய்யும். அதனால் முதலில் புற ஊதா விளக்கில் படத்தைப் பார்க்க வேண்டும். பழைய வார்னிஷ் பச்சையாக மங்கி ஒளிரும், பின்னாளில் தொட்டுப் பூசிய இடங்கள் கரும் திட்டாகத் தெரியும். கள்ள நோட்டு பார்க்கும் விளக்கை இருட்டறையில் பிடித்தாலே ஓரளவு புரியும். அதே விளக்கில் தாளோ துணியோ நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால், அதில் ஒளியூட்டும் ரசாயனம் இருக்கிறது, அதாவது இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்துக்குப் பிந்தியது.

அகச்சிவப்புக் கேமரா வண்ணத்துக்கு அடியில் உள்ள கோட்டோவியத்தைக் காட்டும். எக்ஸ்ரே ஈய வெள்ளை போன இடங்களைக் காட்டும். ஒரு கையை முதலில் வேறு இடத்தில் வரைந்து பிறகு நகர்த்தியது போன்ற மாற்றங்கள் தெரிந்தால் எனக்கு ஆர்வம் கூடும். நகலெடுப்பவருக்கு யோசித்து மாற்றும் வேலை கிடையாது, எல்லாம் முன்னால் தயாராக இருக்கிறது. அதற்காக இதையே முடிவான சான்றாகவும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

'சமஸ்தானத்தில் பரிசாகக் கொடுத்தது' என்று வீட்டில் சொல்வார்கள். அது கணக்கில் வருமா?

சொன்னது மட்டும் என்றால் வராது. தாள் இருந்தால் வரும். அந்தப் படம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற தொடர்ச்சிதான் இந்த வேலையின் முதுகெலும்பு. கடிதம், ரசீது, பாகப்பத்திரத்தில் ஒரு வரி, கல்யாண போட்டோவில் பின்னால் சுவரில் அதே படம் தொங்குவது எல்லாம் பயன்படும். கல்யாண போட்டோதானே என்று சிரிக்காதீர்கள், தேதி தெரிந்த போட்டோ ஒன்று பத்து வாய்மொழிக்குச் சமம்.

மறுமுனையிலும் தாள் இருக்கிறது. ராஜராஜ வர்மா 1895 முதல் 1904 வரை ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதினார். யார் வீட்டுக்குப் போனோம், யாரை உட்காரவைத்து வரைந்தோம் என்ற தகவல்கள் அதில் வருகின்றன. பரோடா, மைசூர், திருவிதாங்கூர் அரண்மனைகளுக்கு வரைந்தவற்றுக்குப் பதிவுகள் உள்ளன. உங்கள் குடும்பத்துக் கதையில் வரும் ஊரும் ஆண்டும் இவற்றோடு பொருந்தினால் பேச ஆரம்பிக்கலாம்.

கடைசியில் 'இது அசல்' என்று யார் சான்றிதழ் தருவார்கள்?

சட்டப்படி அந்த அதிகாரம் பெற்ற ஒரே அலுவலகம் என்று எதுவும் கிடையாது. கைமாறிய வரலாறு, பொருளின் வயது, ரவி வர்மா படங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய கண் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டினால் சந்தை ஏற்றுக்கொள்ளும். பெரிய ஏல நிறுவனங்கள் இதை விசாரித்துத்தான் படத்தைப் பட்டியலில் சேர்க்கின்றன. பெங்களூரில் ராஜா ரவி வர்மா ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் இருக்கிறது. லக்னோவில் பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாப்பதற்கான தேசிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. போட்டோவை மட்டும் பார்த்து, காசு வாங்கிக்கொண்டு, முத்திரை குத்திய தாள் தருகிறேன் என்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

உங்கள் கண்ணையும் பழக்குங்கள். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் உள்ள ராஜா ரவி வர்மா ஓவியக்கூடத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்திலும் அவர் ஓவியங்கள் உண்டு. துணிக்கும் தோலுக்கும் அவர் வண்ணத்தை எப்படி வேறுபடுத்துகிறார் என்று நேரில் பார்த்த பிறகு பல நகல்கள் தானாகவே உதிர்ந்துவிடும்.

அசல் என்றால் என்ன விலை போகும்?

2023-இல் 'யசோதாவும் கிருஷ்ணனும்' ஓவியம் மும்பையின் பண்டோல்ஸ் ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்குப் போனது. வரலாறு சுத்தமாக உள்ள முக்கியமான புராண ஓவியத்தின் விலை அது. பிரிண்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிரிண்டின் விலை அச்சகத்தின் காலம், ஓரம் வெட்டாமல் இருப்பது, கறை, பூச்சி அரிப்பு இவற்றைப் பொறுத்தது.

அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா?

ரவி வர்மாவின் ஓவியம் என்றால் முடியாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டத்தின்படி அவர் ஓவியங்கள் 1979-இல் தேசியக் கலைப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டன. நாட்டுக்குள் விற்கலாம், வாங்கலாம். வெளியே கொண்டுபோக முடியாது. யார் வரைந்ததாக இருந்தாலும் நூறு ஆண்டு தாண்டிய ஓவியத்தை இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். பழைய பிரிண்டை எடுத்துப் போவதாக இருந்தாலும் விமான நிலையத்தில் வாதாடுவதைவிட, முன்கூட்டியே அந்தத் துறையில் காட்டிச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது.

தூசியாக இருக்கிறது. துடைத்துவிட்டு உங்களுக்கு போட்டோ அனுப்பட்டுமா?

துடைக்க வேண்டாம். உருளைக்கிழங்கு, வெங்காயம், தேங்காய் எண்ணெய், ஈரத்துணி எதுவும் வேண்டாம். அழுக்கோடு வார்னிஷும், சில சமயம் முகத்தின் மெல்லிய மேல்பூச்சும் சேர்ந்து வந்துவிடும். பிரிண்டாக இருந்தால் தாள் ஊறி உப்பிவிடும்.

பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். கண்ணாடியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். முழுப் படம் ஒன்று, முழுப் பின்பக்கம் ஒன்று, நான்கு மூலைகள், நகை ஒன்றின் மிக நெருக்கமான படம், பக்கவாட்டில் டார்ச் அடித்து ஒன்று. அளவை அங்குலத்தில் எழுதுங்கள், சட்டத்தைச் சேர்க்காமல். கையெழுத்தை மட்டும் ஆறு கோணத்தில் எடுத்து அனுப்பாதீர்கள்.